பழைய பம்பு ஸ்டவ்



பிழைப்பின் பொருட்டு ஊரைவிட்டுச் சென்ற நம்மவர் பலருக்கு முதல் சமையலறை என்பது ஓர் அறையின் மூலையாகவே இருந்தது. மாதுங்காவிலோ கரோல் பாக்கிலோ ஒரே அறையில் நான்கு பேர். சுவரோரம் சுருட்டி வைத்த பாய்கள். சன்னலடியில் மூன்று கால்களில் நிற்கும் பித்தளை ஸ்டவ் ஒன்று. விடியற்காலையில் அதை அடித்து ஏற்றுகிற ஓசைதான் அந்த அறையின் சேவற்கூவல். அவ்வாறு வாழ்ந்து இன்று சமையல் வாயுவும் மின்னடுப்பும் வைத்திருப்பவர்களுக்கு அந்த ஓசை மறந்திராது என்று நம்புகிறேன். அப்படிப்பட்ட பழைய ஸ்டவ் ஒன்றை விலைக்கு வாங்கிப் பழுது பார்த்த அனுபவமே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

நான் பிறந்தது பாறசாலைக்குத் தெற்கே, இஞ்சிவிளைக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூர். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு களியக்காவிளைக்கும் எங்களுக்கும் நடுவே விழுந்தது. நீங்களெல்லாம் ரயிலேறி வேற்று மாநிலத்தவரானீர்கள். எங்கள் பெற்றோர் திண்ணையைவிட்டு இறங்காமலே வேற்று மாநிலத்தவரானார்கள். கொள்வினை கொடுப்பினைக்கும் சந்தைக்கும் இன்றும் இருபுறமும் போக்குவரத்து உண்டு. பழுது பார்ப்பதற்கும் அப்படியே: கடை ஒரு மாநிலத்தில், ஆள் ஒரு மாநிலத்தில், உதிரிப் பொருள் வேறோரிடத்தில்.

எங்கள் பக்கத்தில் அடுப்பெரிக்கத் தென்னையே துணை. மட்டை, பாளை, சிரட்டை என்று அதன் உறுப்புகளில் வீணாவது ஒன்றுமில்லை. ஆனால் இடவப்பாதி மழை பிடித்துவிட்டால் மட்டை ஊறிப் புகையும். அம்மை கண்ணைக் கசக்கிக்கொண்டே ஊதுகுழலை ஊதுவாள். அந்தப் புகைக்கு முடிவு கட்டியது அப்பா ஒரு மழைக்காலத்தில் திருவனந்தபுரத்திலிருந்து தூக்கி வந்த பம்பு ஸ்டவ். திரி ஸ்டவ்வில் எண்ணெய் திரிவழியே ஊறி எரிகிறது. பம்பு ஸ்டவ்வில் எரிவது எண்ணெயன்று, எண்ணெயின் ஆவி. ஆகவே அதையும் ஒருவகை வாயு அடுப்பு என்றே கொள்ளலாம். சுவீடன் நாட்டில் பிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்குவிஸ்ட் என்பவர் 1892-இல் இதனைச் செம்மைப்படுத்திப் ‘பிரைமஸ்’ என்று பெயரிட்டார். 1911-இல் தென் துருவத்தை முதலில் அடைந்த அமுண்ட்சென் குழுவினர் பனியை உருக்கித் தண்ணீராக்கியது இந்த அடுப்பில்தான். உலகத்தின் கடைசி முனையில் வேலை செய்த பொருள் இடவப்பாதி மழைக்கு அஞ்சுமா?

அம்மை காலமான பிறகு அந்த ஸ்டவ் பழைய பித்தளைக்காரரிடம் எடைக்குப் போய்விட்டது. நான் அப்போது வெளியூரில் வேலையில் இருந்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, அக்காள் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தபோது அதன் நினைவு வந்தது. அதே ஸ்டவ் கிடைக்குமென்று நான் எண்ணவில்லை. அதைப் போன்ற ஒன்று போதும் என்று தேடினேன். அக்காள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாதிருந்ததை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

களியக்காவிளைச் சாலையில் பழம்பொருள் விற்கும் கடை ஒன்றில் இரண்டு ஸ்டவ்கள் இருந்தன. ஒன்று பொன்போல் மின்னியது. மற்றொன்று களிம்பேறிக் கறுத்து, தொட்டியின் ஒரு பக்கம் நெளிந்து, பாத்திரம் தாங்கும் வளையம் இல்லாமல் கிடந்தது. மின்னுவதற்கு விலை அதிகம். அதையே வாங்கினேன். கறுத்ததை ‘உதிரிக்கு ஆகட்டும்’ என்று கடைக்காரர் சொற்ப விலைக்குத் தள்ளிவிட்டார்.

உதியன்குளங்கரையை அடுத்து ஒரு பெரியவர் இருக்கிறார். வயது எண்பதை நெருங்கும். ஸ்டவ், பெட்ரோமாக்ஸ் விளக்கு, தையல் இயந்திரம் மூன்றும் பழுது பார்த்து நான்கு பிள்ளைகளை ஆளாக்கியவர். கோயில் கொடைகளுக்கும் கல்யாண ஊர்வலங்களுக்கும் முன்னே சென்ற காஸ் லைட்டுகளில் பாதி அவர் கைபட்டவை. (இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த விளக்கில் ஒளி விடும் மாண்டில் எனும் வலைப்பைக்கு உயிர் தோரியம். அந்தத் தோரியத்துக்கு மூலமான மோனசைட் மணலை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் 1909-இல் கண்டறிந்தது, எங்களுக்குத் தெற்கே கடற்கரையில் உள்ள மணவாளக்குறிச்சியில். எங்கள் கரையின் மணல் ஐரோப்பாவுக்குப் போய், விளக்காக மாறி, எங்கள் கல்யாணங்களுக்கே வாடகைக்குத் திரும்பி வந்தது.) இப்போது பெரியவர் தொழிலை விட்டுவிட்டார். காஸ் லைட்டை நாடுவோரும் இல்லை, ஸ்டவ்வுக்கு எண்ணெயும் இல்லை. நியாய விலைக் கடையில் நீல மண்ணெண்ணெய் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து, இன்று கண்ணால் காண்பதே அரிதாகிவிட்டது.

“அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்” என்று மின்னும் ஸ்டவ்வை அவர் முன்னே வைத்தேன். அவர் அதன் அழகை நோக்கவே இல்லை. தலைகீழாகக் கவிழ்த்து அடிப்புறத்தை விரலால் தடவினார். “தம்பி, மேலே மினுக்கியிருக்கிறான். கீழே ஒட்டுப் போட்டிருக்கிறான்” என்றார்.

அவர் கண்ட குற்றம் விளங்க வேண்டுமானால் இதன் இயக்கத்தைச் சிறிது அறிய வேண்டும். கீழே இருப்பது எண்ணெய்த் தொட்டி. அதில் முக்கால் பாகத்துக்கு மேல் எண்ணெய் ஊற்றலாகாது; மிச்ச இடம் காற்றுக்கு உரியது. பக்கவாட்டில் உள்ள பம்பை அடிக்க அடிக்கக் காற்று உள்ளே நெருக்குண்டு எண்ணெயை அழுத்துகிறது. எண்ணெய் நடுக்குழாய் வழியே மேலேறிப் பர்னருக்குள் புகுகிறது. பர்னரை முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால், புகுந்த எண்ணெய் ஆவியாகி நிப்பிளின் ஊசித்துளை வழியே சீறிக்கொண்டு வெளிப்பட்டுக் காற்றோடு கலந்து நீலச் சுடராய் எரியும். பிறகு அந்தச் சுடரே பர்னரைச் சூடாக வைத்துக்கொள்ளும். ஆக, சமையல் நடக்கும் நேரமெல்லாம் நெருப்புக்கு ஒரு சாண் கீழே, அழுத்தத்தில் அடைபட்ட எண்ணெய் இருந்துகொண்டே இருக்கிறது. அந்தத் தொட்டியின் உறுதியில்தான் எல்லாம் நிற்கிறது.

மின்னும் ஸ்டவ்வின் தொட்டியில் எப்போதோ விரிசல் கண்டிருக்கிறது. அதை யாரோ ஈயப்பற்று வைத்து அடைத்து, மேலே மெருகு போட்டிருக்கிறார்கள். பித்தளை உருகுவதற்குத் தொள்ளாயிரம் பாகையளவு வெப்பம் வேண்டும். ஈயமும் வெள்ளீயமும் கலந்த சாதாரணப் பற்றோ 183 பாகையிலேயே இளகத் தொடங்கும். அவ்வளவு சூடு தொட்டிக்கு எட்டாது என்றாலும், தினமும் சூடேறி ஆறி, அழுத்தம் ஏறி இறங்கினால் அந்த ஒட்டு எவ்வளவு நாள் தாங்கும்?

“கண்ணால் பார்த்ததை நம்பாதே, தண்ணீரைக் கேட்போம்” என்றார் பெரியவர். தொட்டியில் எண்ணெய் ஒரு துளியும் இல்லாமல் வடித்து, பர்னரைக் கழற்றி அவ்விடத்தை ஒரு மூடி நட்டால் அடைத்து, பத்து அடி அடித்து, வாளித் தண்ணீரில் முழுக அமிழ்த்தினார். ஒட்டின் விளிம்பிலிருந்து கடுகளவுக் குமிழிகள் சரம் சரமாக மேலே வந்தன. அவர் பேசாமல் அதை எடுத்துத் துடைத்து என்னிடமே தந்தார். “முன்னறையில் வை, அழகாக இருக்கும்” என்றார். எனக்கு முகம் தொங்கிப்போயிற்று. இன்னொரு முறை நல்லபடியாகப் பற்று வைத்தால் ஆகாதா என்று கேட்டேன். ‘ஆகும்’ என்று சொல்லிக் காசு வாங்குகிறவர்கள் உண்டு. தாம் அந்தத் தொழில் செய்ததில்லை என்றார். விலை கொடுத்து வாங்குவோர் அறிய வேண்டியது இது: பளபளப்பு ஸ்டவ்வுக்கு நற்சான்றன்று, பல நேரங்களில் அது மறைப்பு. கறுத்த பித்தளையே தன் வரலாற்றை ஒளிக்காமல் காட்டும்.

அப்போதுதான் கறுத்ததை எடுத்து வந்தேன். நெளிவு இருந்ததே தவிர, தகடு கனமாக இருந்தது. மூட்டுகள் தொழிற்சாலையில் போட்டபடியே இருந்தன. வாளியில் ஐந்து நிமிடம் அமிழ்த்தி வைத்தும் ஒரு குமிழி வரவில்லை. “இது பிழைக்கும்” என்றார்.

பம்பிலிருந்து தொடங்கினோம். பம்புக் கம்பியின் நுனியில் கிண்ணம் போன்ற தோல் வாஷர் ஒன்று உண்டு. அது காய்ந்து சுருங்கிவிட்டால் எவ்வளவு அடித்தாலும் கை சும்மா போய்வரும்; காற்று உள்ளே போகாது. புதிய தோல் வாஷருக்காகத் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். மூன்று கடைகளில் என்னை விசித்திரமாகப் பார்த்தார்கள். நான்காவது கடையில் ஒருவர் தகர டப்பாவைக் கவிழ்த்து, “கடைசி நான்கு இருக்கிறது, எல்லாவற்றையும் கொண்டுபோம்” என்றார். வீட்டுக்கு வந்து அதைத் தேங்காய் எண்ணெயில் ஊறப் போட்டேன். அதைப் பார்த்துப் பெரியவர் சிரித்தார். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் பிசினாகும். அன்றியும், 24, 25 பாகைக்குக் கீழே குளிர்ந்தால் உறைந்துபோகும். தில்லியிலோ அலகாபாத்திலோ மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பூசிய பம்பு அசைய மறுக்கும். தோலுக்கு மெஷின் எண்ணெய்தான் இடவேண்டும். ஓரிரவு ஊறிய பின் விளிம்பை விரலால் சற்று விரித்துச் செருக வேண்டும்.

பம்புக் குழாயின் அடியில் ஒரு சிறு வால்வு இருக்கிறது. காற்றை உள்ளே விடும், எண்ணெயை வெளியே விடாது. அதனுள் இருக்கும் கார்க்குத் துண்டு உளுத்துவிட்டால் எண்ணெய் பம்புக் குழாய்க்குள் ஏறி, கம்பி தானாக மேலே எழும். ஸ்டவ் எரிந்துகொண்டிருக்கும்போது பம்புக் கம்பி தானே எழுந்தால், வேடிக்கை பார்க்காமல் உடனே காற்றைத் திறந்து அணைத்துவிட வேண்டும். அந்தக் கார்க்கை மாற்றினோம். எண்ணெய் ஊற்றும் மூடியின் வாஷரையும், பர்னருக்கு அடியில் உள்ள ஈய வாஷரையும் மாற்றினோம். ஈய வாஷர் ஒருமுறை நசுங்கி அமர்ந்தால் அவ்விடத்துக்கே உரியது. கழற்றி மீண்டும் போட்டால் கசியும். கசிகிற இடமோ சுடருக்கு நேர் கீழே.

பர்னருக்குள்ளே ஆண்டுக்கணக்கில் கரி படிந்திருந்தது. அதைச் செஞ்சூடாகக் காய்ச்சி, தண்ணீரில் போட்டார். கரி உடைந்து மிளகுப் பொடிபோல் கொட்டிற்று. மூன்று முறை இப்படிச் செய்தார். நிப்பிள் மட்டும் உதவவில்லை. யாரோ தடித்த ஊசியால் குத்திக் குத்தித் துளையைப் பெரிதாக்கியிருந்தார்கள். துளை பெரிதானால் ஆவி மிகுந்து காற்று போதாமல் சுடர் மஞ்சளாகும், பாத்திரம் கரியாகும். நிப்பிளை மட்டும் மின்னும் ஸ்டவ்விலிருந்து கழற்றிப் போட்டோம். உதிரிக்கு வாங்கியது உயிர்பெற, உயிருக்கு வாங்கியது உதிரியாயிற்று.

களிம்பைப் போக்கப் புளியும் சாம்பலும் போதுமாயிருந்தன. அமோனியா கலந்த மெருகு நீர்களைப் பித்தளைத் தொட்டிக்கு இடவேண்டாம். இறுக்கத்தில் இருக்கும் பித்தளையை அது விரிசல் காணச் செய்யும் என்பது உலோக நூலார் அறிந்த உண்மை. பாத்திர வளையத்தை மட்டும் பக்கத்துப் பட்டறையில் இரும்புக் கம்பியை வளைத்துச் செய்துகொண்டேன். நிறம் ஒட்டவில்லை, போகட்டும்.

ஏற்றும் முறையை நம்மவர் பலர் மறந்திருப்பர். முதலில் காற்றுத் திருகு திறந்திருக்க வேண்டும். பர்னரின் அடியில் உள்ள கிண்ணத்தில் ஸ்பிரிட் விட்டுக் கொளுத்த வேண்டும். அது எரிந்து முடியும் தறுவாயில் திருகை மூடி மூன்று நான்கு அடி அடிக்க வேண்டும். நீலச் சுடர் நிலைத்த பிறகே மேலும் அடிக்கலாம். அவசரப்பட்டுப் பர்னர் சூடாகுமுன் அடித்தால் ஆவியாகாத எண்ணெயே பீறிட்டு, முகத்தளவு மஞ்சள் தீ எழும். எரியும்போதோ சூடாய் இருக்கும்போதோ எண்ணெய் ஊற்றலாகாது. மண்ணெண்ணெய் கிடைக்கவில்லையே என்று பெட்ரோலை ஊற்றுவது தற்கொலைக்கு ஒப்பாகும். மண்ணெண்ணெயின் ஆவி சுமார் 35 பாகைக்கு மேல் சூடானால்தான் தீப்பற்றும். பெட்ரோலின் ஆவிக்கோ பனியின் குளிரே அதிகம், சுழிக்குக் கீழே 40 பாகையிலும் அது பற்றும். இத்தகைய ஸ்டவ்களுக்கென்றே இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 1342 என்ற விதி உண்டு. பழையதை வாங்குவோர் அந்த முத்திரை உள்ளதா என்று தேடுவது நல்லது. முத்திரை இருந்தாலும் வாளித் தண்ணீரைக் கேட்காமல் ஏற்ற வேண்டாம்.

வேலை முடிந்த அன்று பெரியவரிடம் கேட்டேன்: “அண்ணாச்சி, ஸ்டவ் வெடித்தது, ஸ்டவ் வெடித்தது என்று அந்நாளில் எத்தனை செய்தி வந்தது! உண்மையில் எப்படி வெடிக்கும்?” அவர் சிறிது நேரம் பேசவில்லை. “தொட்டி கிழிந்து என் கைக்கு வந்தது, இத்தனை காலத்தில் இரண்டே” என்றார். “எண்ணெய் பீறிட்டுச் சுட்டது உண்டு, நிறைய உண்டு. தொட்டி வெடித்தது இரண்டே.”

அதை அக்காளிடம் வந்து சொன்னேன். அவளுடைய அச்சத்தைப் போக்கிவிடலாம் என்பது என் எண்ணம். தொட்டியைக் காட்டினேன், குமிழி வராததைச் சொன்னேன், ஒவ்வொரு வாஷரையும் விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, எங்கள் தெருவுக்கு மருமகளாய் வந்த ஒரு பெண்ணை நினைவிருக்கிறதா என்றாள். எனக்கு மங்கலாக நினைவிருந்தது. கல்யாணமாகி இரண்டாம் ஆண்டில் ஸ்டவ் வெடித்து இறந்தாள் என்பது நான் கடிதத்தில் அறிந்த செய்தி.

“நான் அன்று அந்த அடுக்களைக்குள் போனேன், தம்பி. ஸ்டவ் இருந்த இடத்தில் இருந்தது. ஒரு நெளிவு இல்லை. அதில் எண்ணெயும் இருந்தது” என்றாள்.

இத்தகைய சாவுகள் நாடெங்கும் மலிந்த பிறகே சட்டம் விழித்தது. 1983-இல் கணவன் வீட்டார் கொடுமையைக் குற்றமாக்கும் 498-ஏ பிரிவு தண்டனைச் சட்டத்தில் சேர்ந்தது. 1986-இல் வரதட்சிணைச் சாவுக்கான 304-பி பிரிவு சேர்ந்தது. மணமாகி ஏழாண்டுகளுக்குள் ஒரு பெண் தீக்காயத்தால் இறந்து, சாவுக்குச் சற்று முன்பு வரதட்சிணை கேட்டுத் துன்புறுத்தப்பட்டதும் தெரிய வந்தால், ஸ்டவ்வின்மீது பழிபோட்டுவிட்டுப் போக இயலாதென்று ஆயிற்று. எங்கள் தெருப் பெண் இறந்தது அதற்கு முன்னே.

“ஸ்டவ்வில் குற்றமில்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அதை வீட்டில் வைக்க மனம் வரவில்லை” என்றாள் அக்காள்.

நான் பழுது பார்க்கத் தெரிந்துகொண்டவை எதுவும் இதற்கு உதவவில்லை. ஸ்டவ்வைத் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்துவிட்டேன். ஊருக்குக் கொண்டுபோகலாம் என்றால், எண்ணெய் வாடையோடு ரயிலில் ஏற்ற மாட்டார்கள். நன்றாக வடித்துக் காயவைக்க வேண்டும். அதையும் நாளை, நாளை என்று தள்ளிக்கொண்டு வந்தேன்.

நான் புறப்படுவதற்கு நான்கு நாள் முன்பு பெருமழை பிடித்தது. அன்று மாலை நாகர்கோவிலிலிருந்து அக்காளின் சம்பந்தி வீட்டார் ஐவர், நனைந்த கோலத்தில், சொல்லாமல் வந்து நின்றார்கள். சமையல் வாயு உருளை அந்த நேரத்தில் தீர்ந்தது. மாற்று உருளை வருவது மறுநாள். மின்சாரமும் இல்லை. கொல்லையில் மட்டை ஊறிக் கிடந்தது. அக்காள் சிறிது நேரம் அடுக்களை வாசலில் நின்றாள். பிறகு, “தம்பி, அதை எடுத்துத் தா” என்றாள்.

பின்திண்ணையில், மழைச் சாரல் படாத இடத்தில், கல்மீது வைத்தேன். கூப்பன் எண்ணெய் அரைப் புட்டி இருந்தது. நான் வாங்கி வைத்திருந்த ஸ்பிரிட்டும் இருந்தது. நான் குனிவதற்குள் அவளே உட்கார்ந்துவிட்டாள். ஸ்பிரிட் எரிந்து அடங்கும்வரை கண்ணெடுக்காமல் பார்த்திருந்தாள். திருகை மூடினாள். மூன்று அடி, நிறுத்திப் பார்த்தாள், மேலும் ஆறு அடி. சுடர் நீலமாய் நின்று சீறத் தொடங்கியது. அம்மை அடிக்கும் கணக்கும் அதுவே.

கருப்பட்டிக் காப்பி ஏழு பேருக்கும் ஆயிற்று. டம்ளர்களை உள்ளே கொடுத்து அனுப்பிவிட்டு அக்காள் திரும்பி வந்து காற்றுத் திருகைத் தானே திறந்தாள். தொட்டிக்குள்ளிருந்த காற்று நீளமாய் வெளியேறிற்று. சுடர் சுருங்கி அணைந்தது. பர்னர் ஆறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

நான் அதை ஊருக்குக் கொண்டு வரவில்லை. சாலைக் கடைத்தெருவில் வாங்கிய நான்கு தோல் வாஷர்களில் மிச்சம் மூன்றையும் ஒரு காகிதத்தில் மடித்து, அக்காளின் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.